கூடாரம் போடட்டும், கரை யார் பேரில் இருக்கிறது?

ஆப்பிரிக்கக் காட்டுக்குள் ஆற்றோரக் கூடாரத்தில் தங்கிவிட்டு வந்த கதையைச் சொல்லும் காணொளிகள் இப்போது தமிழிலும் வரிசையாக வருகின்றன. டெண்ட் என்றதும் மாநாட்டுப் பந்தலையோ புயல் நிவாரண முகாமையோ நினைத்துவிடக் கூடாது. மரப்பலகை மேடை, அதன் மேல் தடித்த கேன்வாஸ் சுவர், உள்ளே கட்டில், வெந்நீர்க் குளியலறை, வெளியே ஆற்றைப் பார்த்தபடி இரண்டு நாற்காலி. ராத்திரி நீர்யானை உறுமும். விடியற்காலையில் காப்பி வந்து கதவைத் தட்டும், பிறகு ஜீப்பில் ஏறிச் சிங்கம் பார்க்கப் போகலாம். ஓர் இரவு வாடகையைக் கேட்டால், நம் ஊரில் ஒரு கூலிக் குடும்பம் அந்தப் பணத்தில் குறுவையையும் சம்பாவையும் தாண்டிவிடும்.

போகிறவர்கள் போகட்டும். சிங்கம் பார்க்க ஆசைப்படுவது குற்றமில்லை. நாம் கவனித்தது வேறு. அரைமணி நேரக் காணொளியில் யானைக்கு வயது சொல்கிறார்கள், பறவைக்குப் பெயர் சொல்கிறார்கள், இரவுச் சாப்பாட்டில் எத்தனை வகை என்று எண்ணுகிறார்கள். அந்தக் கரையில் கூடாரத்துக்கு முன்னால் யார் குடியிருந்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. பெட்டி தூக்குகிறவர், சமைக்கிறவர், தடம் பார்த்து வழி சொல்கிறவர் எல்லோரும் சிரித்த முகத்தோடு ஒரு நொடி வந்து போகிறார்கள்.

இதை நாம் ஏன் தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு எழுத வேண்டும்? இதே வியாபாரம் நம் ஆற்றங்கரைக்கும் வந்து நாளாகிவிட்டது. தஞ்சை, திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம் என்று காவிரியும் அதன் கிளைகளும் ஓடும் வழியெல்லாம் 'பாரம்பரிய கிராம' விடுதிகள் இருக்கின்றன. அங்கே சிங்கம் கிடையாது. அதற்குப் பதிலாக மாட்டுவண்டி, திண்ணை வைத்த ஓட்டு வீடு, பித்தளைச் சொம்பு, வாசலில் கோலம், வயலில் நடவு. காட்டில் விலங்கைக் காட்டுகிறார்கள், இங்கே விவசாயத்தைக் காட்டுகிறார்கள். விவசாயம் என்றால் டெல்டாவில் சேற்றில் இறங்கி நிற்பது யார் என்று வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சஃபாரி என்ற சுவாஹிலிச் சொல்லுக்குப் பயணம் என்றுதான் பொருள். வெள்ளைக்காரர் கையில் அது வேட்டைப் பயணமாகிவிட்டது. 1909-இல் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது கூடாரமும் சாமானும் நூற்றுக்கணக்கான சுமைகூலிகளின் தலையில் போயின. எத்தனை விலங்கைச் சுட்டார்கள் என்பதற்குப் பட்டியல் இருக்கிறது. சுமந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. நம் பக்கமும் அப்படித்தான். கலெக்டர் துரை ஜமாபந்திக்கு வந்து டேரா போட்டால், கட்டை வெட்டிப் போடவும் தண்ணீர் சுமக்கவும் சேரியிலிருந்து ஆள் பிடிப்பார்கள். அதற்குப் பெயரே வெட்டி. கூடாரத்து வசதி எப்போதும் யாரோ ஒருவர் தலையில்தான் ஏறி வந்திருக்கிறது.

பிறகு சுடுவதை விட்டுவிட்டுக் காப்பாற்ற ஆரம்பித்தார்கள். காப்பாற்றுவதற்கும் முதலில் ஆட்களைக் கிளப்பினார்கள். 1959-இல் செரங்கெட்டிப் பூங்காவிலிருந்து மாசாய் மக்கள் வெளியேற்றப்பட்டு ஙொரொங்கோரோ பக்கம் அனுப்பப்பட்டார்கள். மாடு மேய்த்து, அந்த விலங்குகளோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அவர்கள். ஏதோ பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூனில் தான்சானியாவின் லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டரை வனவிலங்குப் பகுதியாக எல்லை பிரிக்க அரசு கல் நட வந்தது. மோதல் வெடித்தது. மாசாய்கள் காயத்தோடு எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினார்கள். 'மனிதக் கால் படாத இயற்கை' என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அந்தக் காலை எப்படி அகற்றினார்கள் என்பது விளம்பரத்தில் வராது.

ஆனால் இந்தக் கட்டுரையில் நாம் அதிகம் பேச விரும்புவது மாசாய்களைப் பற்றி இல்லை, மகுலேகே மக்களைப் பற்றி. நம் இயக்கங்களில் இந்தப் பெயரை அதிகம் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் வடகோடியில் க்ரூகர் தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் வட முனையில் லிம்போபோ ஆறும் லுவுவு ஆறும் சேரும் இடம் பஃபூரி. அங்கே விவசாயம் செய்து, மீன் பிடித்து, காட்டுக் கனி பொறுக்கி வாழ்ந்தவர்கள் மகுலேகே மக்கள். 1969-இல் நிறவெறி அரசு அவர்களைத் துப்பாக்கி முனையில் கிளப்பியது. சுமார் மூவாயிரம் பேர். தங்கள் வீட்டுக்குத் தாங்களே தீ வைக்க வைத்தார்கள். பிறகு லாரியில் ஏற்றித் தெற்கே நெட்லாவேனி என்ற வறண்ட இடத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர்கள் நிலம் பூங்காவோடு சேர்க்கப்பட்டது.

அதற்கு ஒரு வருடம் முந்தைய தேதி நமக்கு மனப்பாடம். 1968 டிசம்பர் 25. அன்றைய கீழத்தஞ்சையில், கீழ்வெண்மணியில், கூலியாகக் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டு, செங்கொடியை இறக்க மறுத்த சேரியில், ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். அங்கே அவர்கள் கையாலேயே தீ வைக்க வைத்தார்கள், இங்கே மிராசுதாரின் ஆட்கள் வைத்தார்கள். 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம், கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற தோரணையில் பேசி, அவர்களை விடுதலை செய்தது. இதற்கு மேல் வெண்மணியைப் பற்றி இங்கே விரிக்கப் போவதில்லை. வெண்மணிக்குப் பிறகு என்ன கிடைத்தது என்பதுதான் இப்போதைய கேள்வி.

மகுலேகே மக்களுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். நிறவெறி ஆட்சி விழுந்த 1994-லேயே தென்னாப்பிரிக்கா நில மீட்புச் சட்டம் ஒன்றைப் போட்டது. 1913 ஜூன் 19-க்குப் பிறகு இனப் பாகுபாட்டுச் சட்டங்களாலும் நடைமுறைகளாலும் நிலம் இழந்த யாரும் உரிமை கோரலாம் என்றது. ஏன் அந்தத் தேதி? கறுப்பர்கள் நிலம் வாங்கக்கூடிய இடங்களை ஒரு துண்டுக்குள் அடைத்த நிலச் சட்டம் வந்த நாள் அது. மகுலேகே மக்கள் கோரிக்கை வைத்தார்கள். பூங்கா நிர்வாகம் எதிர்த்தது. பேச்சுவார்த்தை நடந்தது. 1998-இல் இருபதாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் மகுலேகே சமூகச் சொத்துச் சங்கத்தின் பெயருக்கே திரும்பி வந்தது. அதாவது பட்டா. நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்காவுக்குள், விரட்டப்பட்ட மக்களின் பேரில் பட்டா.

அவர்கள் திரும்பிப் போய்க் குடியேறவில்லை. நிலத்தைக் காடாகவே வைத்திருப்போம், அதில் விவசாயமும் சுரங்கமும் கூடாது, சுற்றுலா நடத்தும் உரிமை எங்களுக்கு என்று ஐம்பது வருட ஒப்பந்தம் போட்டார்கள். அரசுப் பூங்கா நிர்வாகமும் அவர்களும் கூட்டாக அமர்ந்து மேலாண்மை செய்கிறார்கள். அதன் பிறகு லுவுவு ஆற்றங்கரையில் கூடார முகாம் வந்தது. நடத்துவது தனியார் நிறுவனம்தான். ஆனால் நிறுவனம் அங்கே குத்தகைக்காரர். நிலத்துக்காரர் மகுலேகே. வருமானத்தில் பங்கு சங்கத்துக்குப் போகிறது. வேலைக்கு அந்த ஊர்ப் பிள்ளைகளை எடுப்பதும் பயிற்சி கொடுப்பதும் ஒப்பந்தத்தின் பகுதி. ஆற்றோரக் கூடாரத்தில் விருந்தாளி காப்பி குடிக்கும்போது, அவர் உட்கார்ந்திருக்கிற மண் காப்பி கொண்டுவருகிறவரின் சமூகத்துக்குச் சொந்தம்.

இதை நாம் சொர்க்கமாக வர்ணிக்கவில்லை. சொந்த நிலத்தில் சொந்த வீடு கட்டி வாழ முடியாத உரிமை அரை உரிமைதான் என்று அங்கேயே பேசுகிறவர்கள் உண்டு. சங்கத்துக்கு வரும் பணம் எந்தக் கை வழியாகப் போகிறது என்ற சண்டையும் இல்லாமல் இல்லை. நம் சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு அது வியப்பாக இருக்காது. 2013 ஜனவரி வெள்ளத்தில் லுவுவு பெருகி முகாமையே அடித்துக்கொண்டு போனது. நடத்திய நிறுவனம் விலகியது, பிறகு வேறொன்று வந்து திரும்பக் கட்டியது. 2020-இல் கொரோனாவால் விருந்தாளிகள் நின்றபோது சுற்றுலாவை நம்பிய எல்லா ஊரையும் போல அங்கும் கை காய்ந்தது. இவ்வளவுக்கும் நடுவில் ஒன்று மாறவில்லை. நிறுவனம் போனபோதும் நிலம் போகவில்லை.

இப்போது நம் கரைக்கு வருவோம்.

டெல்டாவில் ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் குடிசை போட்டு வாழ்பவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். விரும்பிப் போனதில்லை. ஊர் நத்தத்தில் இடம் கிடையாது, வயல் மிராசுடையது, மீதி இருந்தது கரை. பண்ணையாள் முறையில் குடியிருந்த மனையும் பண்ணையாருக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினால் முதலில் குடிசையைப் பிரிப்பார்கள். 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகச் சேரி சேரியாகச் சங்கம் கட்டியதன் விளைவு அது. குடியிருக்கும் மனையாவது சொந்தமாகட்டும் என்று குடியிருப்புச் சட்டம் வர 1971 ஆகிவிட்டது, அதாவது வெண்மணி எரிந்து மூன்று வருடம் கழித்து. அந்தச் சட்டமும் பண்ணையார் நிலத்தில் குடியிருந்தவருக்குத்தான். புறம்போக்குக் கரையில் இருந்தவருக்கு அதில் ஒன்றுமில்லை.

கரையில் இருப்பவர் பட்டா கேட்டால், நீர்நிலைப் புறம்போக்கு, பட்டா கிடையாது என்பார்கள். ஐம்பது வருடம் இருந்தாலும் அவர் ஆக்கிரமிப்பாளர். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் முதல் நோட்டீஸ், பிறகு 6-ஆம் பிரிவில் காலி செய்யும் நோட்டீஸ். கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். பாதிப் பேர் வீட்டில் கதவே கிடையாது, கம்பத்தில் கட்டிவிட்டுப் போனதை நாங்களே பார்த்திருக்கிறோம். நீர்நிலை காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆறு செத்தால் முதலில் பசிப்பது கூலிக்காரர் வயிறுதான். ஆனால் அதே ஆற்றோரத்தில் நான்கு கல் தள்ளி, படுகையை ஒட்டிச் சுவர் எழுப்பி, 'ஆற்றைப் பார்த்த அறை' என்று தனி வாடகை வாங்கும் கட்டடத்தின் தூணில் எந்த நோட்டீஸும் கட்டப்பட்டு நாம் பார்த்ததில்லை. அவர்களிடம் பட்டா இருக்கலாம். எப்படி வந்த பட்டா, கரைப் புறம்போக்கின் எல்லைக்கல் எங்கே என்று அளந்து காட்டச் சொன்னால் மட்டும் சர்வேயருக்கு நேரமில்லை.

கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு சேரியில் சமீபத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து விடுதிக்கு நடவு வேலைக்குப் போகும் ஓர் அக்கா எங்களுக்கு விளக்கினார். விடுதிக்குள் கால் ஏக்கருக்கும் குறைவான வயல். சனி ஞாயிறில் விருந்தாளிகள் வந்து, படம் எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு முடிச்சு நாற்றை நட்டுப் பார்ப்பார்கள்.

"நடவுன்னா விடியக்காலையில இறங்குவோம் தம்பி, வெயிலுக்கு முன்னாடி. அங்க பத்து மணிக்குத்தான் இறங்கச் சொல்றாங்க. அவுங்க டிபன் சாப்பிட்டு வரணும்ல. அவுங்க நட்டது எல்லாம் சாஞ்சு கெடக்கும். அவுங்க போனதும் நாங்க புடுங்கித் திரும்ப நடுவோம். அடுத்த வாரம் அதையும் புடுங்கிட்டு புதுசா நாத்து விடுவாங்க. அந்த வயல்ல இதுவரைக்கும் ஒரு மரக்கா நெல்லு கண்டதில்ல."

கூலி பரவாயில்லை என்றும் சொன்னார். வெளியே இயந்திர நடவு வந்து, நடவுக் கூலியே பாதி நாளுக்குச் சுருங்கிவிட்ட காலத்தில் அவருக்கு இந்த வேலை தேவை. அதை நாம் குறைத்துப் பேச மாட்டோம். குலவை போடச் சொல்கிறார்கள், நடவுப் பாட்டுப் பாடச் சொல்கிறார்கள், ஒரே நிறத்தில் சேலை கொடுத்திருக்கிறார்கள். பண்ணையாரைத் திட்டி, மேஸ்திரியைக் கேலி செய்து, வரப்பில் நிற்கிறவனுக்குக் கேட்டும் கேட்காமலும் பாடின பாட்டு அது. இப்போது வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிறார்கள். பாட்டின் பொருளை யாரும் மொழிபெயர்த்துச் சொல்வதில்லை என்று சொல்லிவிட்டு அந்த அக்கா சிரித்தார்.

விடுதிக்குள் குடிசையும் உண்டு, குளிர்சாதனம் வைத்தது. இதே மாநிலத்தில் அரசு குடிசையில்லாத் தமிழ்நாடு என்று திட்டம் போடுகிறது. நம் மக்கள் கீற்றுக் கூரைக்குள்ளிருந்து காங்கிரீட்டுக்குள் போக மனு எழுதிக்கொண்டிருக்கையில், கீற்றுக் கூரைக்குள் ஓர் இரவு படுக்கக் காசு கொடுக்கிறார்கள் இன்னொரு பக்கம். கூரையில் தப்பில்லை. தீப்பிடிக்காத கூரையும், காலையில் எழுந்து கிளம்பிப் போக வேறு வீடும் இருந்தால் குடிசை யாருக்கும் அழகுதான்.

இந்த விடுதிகளின் சுற்றுப்பயணத்தில் பெரிய கோயில் கட்டாயம் இருக்கும். 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோயில். விமானத்தின் உயரம், நந்தியின் அளவு, நிழல் விழாது என்ற கட்டுக்கதை எல்லாம் சொல்வார்கள். அதே கோயிலின் ராஜராஜன் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விட்ட ஊர்களின் இறையிலி நிலங்களைக் கழித்துச் சொல்லும் இடங்களில், ஊர்நத்தம் ஒரு பக்கமும் பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு என்று இன்னொரு பக்கமும் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஆயிரம் வருடமாக நாம் இந்த ஆற்றோரத்தில் இருந்தோம் என்பதற்கு அதைவிடக் கெட்டியான அத்தாட்சி வேண்டுமா? எப்படிப்பட்ட இடத்தில் வைக்கப்பட்டிருந்தோம் என்பதற்கும் அதுவே அத்தாட்சி. நாம் அந்தக் கோயிலுக்குள் சட்டப்படி நுழைய 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரம்பரியச் சுற்றுலா என்றால் இதையும் காட்ட வேண்டும். மதகுக்கு அந்தப் பக்கம் சேரி ஏன் இருக்கிறது என்று ஒரு குழந்தை கேட்டால் வழிகாட்டி என்ன சொல்வார்?

வேலை கொடுக்கிறார்களே, அதையும் கெடுக்கப் பார்க்கிறீர்களா என்று சில தோழர்களே எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். கோபமாகக் கேட்பதில்லை, கவலையோடுதான் கேட்கிறார்கள். டெல்டாவில் இளைஞர்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள், இருக்கிற பெண்களுக்கு நூறு நாள் வேலையைத் தாண்டி ஒன்றுமில்லை, வரும் நாலு வேலையையும் விரட்டாதீர்கள் என்கிறார்கள். சுற்றுலாவை விரட்டச் சொல்லி நாம் எழுதவில்லை. கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் முதலை இருக்கிறது, முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு இருக்கிறது, கோடியக்கரையில் வெளிமான் இருக்கிறது, மனோராவுக்கு எதிரே பாக் நீரிணையில் கடற்பசுவுக்காக 2022-இல் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். பார்க்க ஆள் வரத்தான் செய்யும், கூடாரமும் வரும். முதலை இருக்கும் கொள்ளிடத்தில் இறங்கி மாடு குளிப்பாட்டிக் கடி வாங்குகிறவனும், அலையாத்திக்குள் இடுப்பளவு சேற்றில் நண்டு பிடிக்கிறவளும், அந்தக் கூடாரத்துக்குப் பாத்திரம் கழுவ மட்டும் கூப்பிடப்பட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

கூலி வேலை நம்மிடம் எப்போதும் இருந்தது. பண்ணையிலும் வேலை இருந்தது, வருடம் முழுக்க இருந்தது. வேலை மட்டும் இருந்து மண் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை டெல்டாவைவிட நன்றாக அறிந்த இடம் இந்தியாவில் குறைவு.

இன்னொரு ஆபத்து பலர் கண்ணில் படாதது. தாட்கோவில் 'நன்னிலம்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்கள் விவசாய நிலம் வாங்கப் பாதி மானியம், உச்சவரம்பு 5 லட்சம் ரூபாய். நல்ல திட்டம். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் தோழர்களும் லாஃப்டி வழியாக நாகப்பட்டினம் பக்கம் ஆயிரக்கணக்கான தலித் பெண்கள் பேரில் நிலம் வாங்கிக் கொடுத்த பாதையின் அரசு வடிவம் என்றே சொல்லலாம். ஆனால் ஆற்றோரத்தில் ஒரு விடுதி வந்துவிட்டால் பக்கத்து நிலத்தின் விலை விவசாயக் கணக்கில் நிற்பதில்லை, மனைக் கணக்குக்குப் போய்விடுகிறது. ஐந்து லட்சம் மானியத்தை வைத்துக்கொண்டு ஓர் அக்கா அந்தச் சந்தையில் போய் நிற்க முடியுமா? ஏற்கெனவே சேரிக்காரருக்கு விற்க மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லும் ஊர்களில், இப்போது சொல்லவே வேண்டியதில்லை, விலையே சொல்லிவிடுகிறது.

2020-ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அதில் தடை செய்யப்பட்டவை செம்பு உருக்காலை, தோல் தொழிற்சாலை, எண்ணெய் எரிவாயு தோண்டுதல் போன்றவை. அதற்காகப் போராடியவர்களில் நாமும் உண்டு. ஆனால் தங்கும் விடுதி அந்தப் பட்டியலில் இல்லை. நன்செய் யார் பேரில் இருக்கிறது என்பதைப் பற்றியும் அந்தச் சட்டம் ஒரு வார்த்தை பேசவில்லை. மண்ணைக் காப்பாற்றுகிறார்கள், மண்ணில்லாதவரைப் பற்றிப் பேச்சில்லை. 1990-களில் இறால் பண்ணைகள் வந்தபோதும் வயலும் குடிநீரும் உப்பாகி முதலில் அடிபட்டவர்கள் நிலமற்ற கூலிகளே. அவர்கள் தெருவில் உட்கார்ந்த பிறகுதான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்திலிருந்து தீர்ப்பு வந்தது. அன்று பண்ணைக்காரர்களும் வேலை தருகிறோம் என்றுதான் சொன்னார்கள்.

தென்னாப்பிரிக்காவுக்கு 1913 என்று ஒரு தேதி இருந்தது. நமக்கும் ஒரு தேதி இருக்கிறது, 1892. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பேரில் பஞ்சமருக்கு ஒதுக்கப்பட்ட நிலம். பத்து வருடம் கைமாற்றக் கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்குள் மட்டுமே கைமாற வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தது. சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. 1994-இல் செங்கல்பட்டு காரணையில் அதைக் கேட்டு நின்ற இரண்டு தோழர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். மகுலேகே மக்கள் கோரிக்கை எழுதத் தயாரான அதே காலம். அவர்களுக்குச் சட்டம் ஒரு வாசலைத் திறந்தது. நம்மிடம் நிபந்தனை எழுதிய காகிதம் ஏற்கெனவே இருந்தும், மீட்கவென்று ஒரு தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் பல வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு வந்தவர். இப்போது இருந்திருந்தால் அந்தச் சட்டத்தை வரி விடாமல் தமிழில் கொடுத்திருப்பார்.

நாம் கேட்பது இதுதான். ஆற்றோரத்திலோ அலையாத்தி ஓரத்திலோ அரசு நிலத்திலும் கோயில் நிலத்திலும் சுற்றுலாவுக்கு இடம் கொடுப்பதானால், முதல் குத்தகை அந்தக் கரையில் குடியிருக்கும் நிலமற்ற பெண்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போக வேண்டும். நடத்தத் தெரியாது என்பார்கள். மகுலேகே மக்களுக்கும் கூடார விடுதி நடத்தத் தெரியாது. தெரிந்தவனைக் குத்தகைக்கு வைத்துக்கொண்டார்கள். கோயில் நிலத்தில் ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி ஆணையர் அனுமதி வேண்டும். ஆகவே யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் கை அரசின் கையே. கரைப் புறம்போக்கில் இருப்பவரை எடுத்தே ஆக வேண்டும் என்றால், எடுப்பதற்கு முன்னால் அதே ஊர் எல்லைக்குள் மனைப் பட்டாவைக் கையில் கொடுக்க வேண்டும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மதகுகள் உடைந்தபோதும், அதே வருடம் நவம்பரில் கஜா அடித்தபோதும் பள்ளிக்கூடத்தில் படுத்துவிட்டு அதே கரைக்குத் திரும்பியவர்கள் இவர்கள். அபாயம் என்று தெரிந்துதான் இருக்கிறார்கள்.

உங்கள் ஊர் ஆற்றோரத்தில் விடுதி இருந்தால், சண்டைக்குப் போக வேண்டாம். முதலில் சர்வே எண்ணை எடுங்கள். இணையத்தில் இன்றைய 'அ' பதிவேட்டைப் பார்த்தால் தனியார் பட்டா என்றுதான் இருக்கும், அதோடு நின்றுவிடாதீர்கள். 1980-களில் நடந்த யுடிஆருக்கு முந்தைய பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குறிப்புப் பத்தியில் டி.சி. என்று இரண்டு எழுத்து இருக்கிறதா, ஆற்றுப் புறம்போக்கு என்று இருந்து பின்னால் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். புலப்படத்தில் கரையின் எல்லைக்கல் எங்கே விழுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தாலுகா அலுவலகத்தில் பழைய பதிவேடு சிதிலமாகிவிட்டது என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள், மேல்முறையீட்டுக்கு அதுதான் தேவைப்படும். சேரியில் வயதானவர்களிடம் அந்த வயலுக்கு முன்னால் என்ன பெயர், யார் உழுதார்கள் என்று கேட்டுத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அனுப்பினால் கீழத்தஞ்சை, மேலத்தஞ்சை இரண்டுக்கும் சேர்த்து ஒரே மனுவாகத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்க நாங்கள் தயார்.